மூன்று முறை விழுந்தவர்: பழைய வண்ணாரப்பேட்டை வீடொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே விவரிக்கப்படுபவர் 74 வயதுப் பெண்மணி. கணவரை இழந்தவர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகை வீட்டில் வசிக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். ஓராண்டுக்குள் மூன்று முறை விழுந்து, மூன்றாம் முறை இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்த பிறகு கைக்கான பயிற்சிக்காக இயன்முறை மருத்துவரான என்னிடம் அனுப்பப்பட்டார். அனுப்பிய சீட்டில் மணிக்கட்டைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தது. அவர் ஏன் விழுந்தார் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. வீட்டிலும் அதற்கு விடை தயாராக இருந்தது. "வயசானா வுழறதுதானே சார்" என்றார் மகன். அந்த விடையை ஏற்க முடியாது என்பதையும், விழாமல் காக்க வேண்டும் என்று வீட்டார் எடுத்த முடிவே மூன்றாவது முறை அவர் விழக் காரணமாயிற்று என்பதையும் காட்டுவதே இந்த ஆய்வின் நோக்கம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் தவறி விழுந்து உயிரிழக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் இறப்புகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள். 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 13.6 விழுக்காடு, நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம். ஆனால் முதியோர் விழாமலிருக்கத் தரப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் தனிக் கழிப்பறையும் அகலமான நடைவழியும் சொந்தச் சுவரும் உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஐந்து குடித்தனங்கள் ஒரே கழிப்பறையைப் பகிரும் வீட்டுக்கு அவற்றை அப்படியே பொருத்திவிட முடியாது. இந்த நிகழ்வை விரிவாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விழுந்த வரலாறு

முதல் முறை விழுந்தது அதிகாலையில், தெருக் கைப்பம்பில் மெட்ரோ தண்ணீர் வரும் நேரத்தில். பல்லாண்டுப் பழக்கத்தில் பாயிலிருந்து சட்டென்று எழுந்து குடத்தை எடுக்கப் போனவர் நிலைப்படிக்கு அருகே சரிந்துவிட்டார். வழுக்கி விழுந்ததாக வீட்டார் சொன்னார்கள். தரை ஈரமாக இருந்ததா என்று கேட்டபோது அவர்களுக்கு நினைவில்லை. விழுந்ததை யாரும் பார்க்கவும் இல்லை. அம்மாவிடமே கேட்டேன். "கண்ணு இருட்டிக்கினு வந்துச்சுபா. அப்பறம் பாத்தா தரையில கெடக்கறேன்" என்றார். இரண்டாம் முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் தரையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், எழுந்து இரண்டடி வைத்ததும் விழுந்தார். அப்போதும் கண் இருட்டியது. இடுப்புப் பக்கம் கன்றிப்போனது.

இவ்விரண்டுக்கும் பிறகுதான், இனிக் கழிப்பறைக்குப் போவதைத் தவிர வேறெதற்கும் அவர் எழுந்திருக்கக் கூடாது என்று வீட்டில் முடிவு செய்யப்பட்டது. நான்கு மாதங்கள் அவ்வாறே சென்றன. மூன்றாவது முறை விழுந்தது முந்தைய இரண்டையும் போன்றதல்ல. கண் இருட்டவில்லை, தலை சுற்றவில்லை. கழிப்பறை வாசற்படியைத் தாண்டப் போதுமான அளவுக்குக் கால் உயரவில்லை, பெருவிரல் தடுக்கியது, இடது கையை ஊன்றி விழுந்தார். முதலில் கட்டு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டு ஒரு வாரம் வலியோடு இருந்த பிறகே எக்ஸ்ரே எடுக்கப்பட்டது.

விழுந்தவரிடம் நான் எப்போதும் கேட்பவை சில உண்டு: விழுவதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எழுந்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, தரையில் படும் கணம் நினைவிருக்கிறதா, எவ்வளவு நேரம் கீழே கிடந்தீர்கள், தானாக எழுந்தீர்களா. இவற்றைப் பொறுமையாகக் கேட்டாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். வீட்டார் முந்திக்கொண்டு பதில் சொன்னால், அவர்களைக் கனிவாக நிறுத்திவிட்டு முதியவரையே பேசவிட வேண்டும். இந்த வீட்டிலும் அவ்வாறு நிறுத்திய பிறகே, முதலிரண்டு முறையும் அவர் படுத்த நிலையிலிருந்தோ அமர்ந்த நிலையிலிருந்தோ எழுந்த உடனே விழுந்திருக்கிறார் என்பது தெரியவந்தது.

உடல் பரிசோதனை

ஐந்து நிமிடம் படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்தபோது 138/78 இருந்தது. எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் 112/70, மூன்றாம் நிமிடத்தில் 116/70. நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ அது கவனிக்கப்பட வேண்டிய சரிவு. இவருக்கு மேல் அளவு 26 இறங்கியது. எழுந்ததும் கண் இருட்டியது இதனால்தான். இவர் சென்ற இடங்களிலெல்லாம் நாற்காலியில் உட்காரவைத்தே அழுத்தம் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இந்தச் சரிவு யார் கண்ணிலும் படவில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர 19 நொடிகள் ஆயின. 12 நொடியைத் தொட்டாலே விழும் வாய்ப்பு கூடியிருப்பதாகக் கொள்ள வேண்டும். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு 30 நொடியில் ஐந்து முறை மட்டுமே எழுந்து அமர முடிந்தது. இந்த வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் தொடையில் வலு குறைந்துள்ளது என்று பொருள். ஒரு பாதத்துக்கு நேர் முன்னே மற்றொரு பாதத்தை வைத்து நிற்கச் சொன்னபோது மூன்று நொடியில் தள்ளாடினார். பத்து நொடி நிற்க வேண்டும். பல ஆண்டுச் சர்க்கரை நோயால் பாதங்களின் முன்பகுதியில் உணர்வு குறைந்திருந்தது. வலக்கண்ணில் முற்றிய கண்புரை இருந்தது.

மாத்திரைப் பை

வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், தினமும் சாப்பிடாதவை உட்பட, எடுத்துவரச் சொன்னேன். மருமகள் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து பாயின் மேல் கவிழ்த்தார். அதில் அரசு மருந்தகத்தில் வாங்கிய அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரை அட்டை இருந்தது. தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்னொரு அட்டையும் இருந்தது. அதன் பின்புறத்துச் சிறு எழுத்தைப் படித்தபோது, டெல்மிசார்டன், அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகிய மூன்று இரத்த அழுத்த மருந்துகளும் ஒரே மாத்திரையில் சேர்ந்திருப்பது தெரிந்தது. அம்லோடிபின் என்ற ஒரே மருந்தை இரு பெயர்களில், இரு மருத்துவர்களின் சொல்படி, ஒவ்வொரு நாளும் இரட்டிப்பாக அவர் எடுத்துவந்திருக்கிறார். நிறமும் அட்டையும் வேறாக இருந்ததால் வீட்டில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. போதாக்குறைக்கு, சிறுநீரைக் கூட்டும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த அந்த மாத்திரையை அவர் இரவில் சாப்பிட்டு வந்தார். இரவில் மூன்று முறையாவது கழிப்பறைக்கு எழுவதாக அவர் சொன்னது வெறும் முதுமையால் வந்ததன்று.

பையின் அடியில் அல்பிரசோலம் இருந்தது. கணவர் இறந்த துக்கத்தில் தூக்கம் வராமல் தவித்தபோது சில வாரங்களுக்கென்று எழுதிக் கொடுக்கப்பட்ட அந்த மாத்திரை, பழைய சீட்டைக் காட்டியே மருந்துக் கடையில் வாங்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்திருக்கிறது. இவ்வகைத் தூக்க மாத்திரை அதிகாலையிலும் உடலில் மிச்சமிருந்து சமநிலையைக் குலைக்கும்; முதியோர் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இது நெடுங்காலமாக இடம்பெற்றிருக்கிறது. நியூசிலாந்தில் நடந்து 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தூக்க மாத்திரைகளையும் மனநல மாத்திரைகளையும் படிப்படியாக நிறுத்தியவர்கள் விழுவது 66 விழுக்காடு குறைந்தது. அதே ஆய்வு முடிந்ததும் அவர்களில் கணிசமானோர் மாத்திரைக்குத் திரும்பிவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதை நிறுத்துவது எளிதன்று, ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தும்கூட.

மாத்திரைகளை மாற்றுவது என் வேலையல்ல. எல்லாவற்றின் பெயர், அளவு, சாப்பிடும் நேரம், அழுத்தத்தின் மூன்று அளவுகள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, மகனோடு அவரை மருத்துவரிடம் அனுப்பினேன். மருத்துவர் தனி அம்லோடிபினை நிறுத்தினார். சேர்க்கை மாத்திரையைக் காலைக்கு மாற்றி, சில வாரங்களுக்குப் பின் சிறுநீரைக் கூட்டும் மருந்து இல்லாத வேறொன்றைத் தந்தார். அல்பிரசோலத்தை இரண்டு வாரத்துக்கொரு முறை சிறிது சிறிதாகக் குறைக்கத் திட்டம் வகுத்தார். அந்தத் தாளின் நகல் இப்போது அவர்கள் வீட்டு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது. எந்த மருத்துவரிடம் போனாலும் அதையும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.

வீடும் நடைவழியும்

ஒரே அறையும் அதை ஒட்டிய சமையல் இடமும் கொண்ட வீடு. கழிப்பறை, ஐந்து குடித்தனங்களுக்கும் பொதுவான நீண்ட நடைவழியின் கடைசியில் இருக்கிறது. நடையின் ஒரு பக்கம் தண்ணீர் டிரம்களும் குடங்களும் வரிசையாக நிற்கின்றன. மறுபக்கம் சிறு சாக்கடைக் கால்வாய், அதை மூடிய கற்பலகைகளில் இரண்டு ஆடுகின்றன. துணி துவைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் அங்கேதான் என்பதால் பகலெல்லாம் ஈரம். நடையின் நடுவில் இருந்த ஒரே விளக்கின் ஸ்விட்ச் இரண்டாம் குடித்தனத்தின் உள்ளே இருந்தது. அவர்கள் தூங்கிவிட்டால் இருட்டுதான். கழிப்பறை வாசலில் ஏழு அங்குல உயரப் படி. உள்ளே இந்திய முறைக் கழிப்பிடம், பிடிக்க எதுவுமில்லை. குழாயைப் பிடித்துத்தான் எழுந்து வந்திருக்கிறார்.

கட்டிலருகே கழிப்பு நாற்காலி வைப்பதுதான் நான் முதலில் சொன்ன யோசனை. அம்மா முகம் சுளித்தார். அதே அறையில் சமைக்கிறார்கள், சாமி படமும் அங்கேதான் இருக்கிறது, "வூட்டுக்குள்ளயே போறதா? நான் இன்னும் அந்த நெலமைக்கு வரல" என்றார். அவர் சொன்னது சரி. ஒருவரின் மானத்தைக் கெடுத்துச் செய்யும் பாதுகாப்பு நீடிக்காது. நாற்காலியை ஒரு மூலையில் கவிழ்த்துவைத்துவிட்டு இருட்டில் நடந்தே போவார்கள்.

எனவே நடைவழியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது, அதற்கு ஐந்து குடும்பங்களும் இசைய வேண்டியிருந்தது. டிரம்களைச் சாக்கடைப் பக்கம் நகர்த்திச் சுவரோரம் வழி விடுவது என்று பேசி முடிவானது. தெருவிலேயே இருக்கும் பிளம்பர் ஒருவர், கைக்குள் அடங்கும் கனமுள்ள, துத்தநாகம் பூசிய இரும்பு (ஜிஐ) குழாயை இடுப்பு உயரத்தில் சுவர் நெடுகப் பொருத்தினார். கழிப்பறைக்குள்ளும் பக்கச் சுவரில் ஒன்று பொருத்தப்பட்டது. கழிப்பிடத்தின் மேல் வைக்கும் ஸ்டூலும் வாங்கினார்கள். ஆள் நடமாட்டத்தில் தானாக எரியும் இரண்டு எல்இடி விளக்குகளை மகனே மாட்டினார். ஆடும் பலகைகள் சிமெண்டால் இறுக்கப்பட்டன. வாசற்படியின் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடிக்கப்பட்டது. கண்புரை உள்ளவருக்குச் சாம்பல் நிறத் தரையும் சாம்பல் நிறப் படியும் ஒன்றாகவே தெரியும்.

வீட்டுக்குள் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. இரண்டாம் முறை விழுந்த பிறகு, பாய் வேண்டாமென்று மகன் இரும்புக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தார். நல்லெண்ணத்தோடு செய்ததுதான், ஆனால் விளிம்பில் அமர்ந்தால் அம்மாவின் கால் தரையில் படவில்லை. தூக்கக் கலக்கத்தில் தரையைக் காலால் தேடி இறங்குவது விழுவதற்கே வழி. கட்டில் கால்களை வெல்டிங் கடையில் கொடுத்து வெட்டி, பாதம் முழுவதும் தரையில் ஊன்றும் உயரத்துக்குக் கொண்டுவந்தோம்.

உட்கார வைத்த பாதுகாப்பு

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது குழாயும் விளக்கும் அல்ல, மருமகளோடு நடந்த உரையாடல்தான். "அத்தைய ஒரு வேலையும் செய்ய வுடறதில்ல சார். தண்ணி முதக்கொண்டு கையில குடுத்துடுறேன்" என்று பெருமையோடும் களைப்போடும் சொன்னார். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்த்துக்கொண்டு, மாமியார் மீண்டும் விழுந்தால் பழி தன்மேல் வரும் என்ற அச்சத்தோடும் வாழ்பவர் அவர். அவரிடம் குறை காண எனக்கு மனமில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது: நான்கு மாதம் உட்கார்ந்தே இருந்த கால்தான் படியில் தடுக்கியது. எழுபது வயதுக்கு மேல் தொடைத் தசை சில வாரங்களிலேயே கரைந்துவிடும். அதைத் திரும்பக் கட்ட மாதங்கள் ஆகும். முன்பு நாளொன்றுக்கு எத்தனையோ முறை தரையில் அமர்ந்து எழுந்தவருக்கு அதுவே பயிற்சியாக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தியதோடு அது நின்றுபோயிற்று.

அம்மாவின் அச்சமும் இதே அளவுக்குப் பெரியது. விழுவோமோ என்ற கவலையை அளக்கும் 16 கேள்விகள் கொண்ட அளவுகோலில் அவர் பெற்றது 46. அதில் மிகக் கூடிய அளவு 64. "உக்காந்து உக்காந்தே காலு மரத்துப் போச்சு. எழுந்தா இதுங்க சத்தம் போடுதுங்க" என்றார். வீட்டு வேலைகளில் எவற்றை அவர் திரும்ப ஏற்பது என்று மூவரும் சேர்ந்து பேசினோம். காய் நறுக்குவது, காய்ந்த துணியை மடிப்பது, மேசைப் பக்கம் பிடித்து நின்று அரிசி களைவது, மாலையில் பேரனோடு தெருமுனைக் கோயில் வரை போய்வருவது ஆகியவை அவருக்கு உரியவை என்று முடிவாயிற்று. நிரம்பிய குடம் தூக்குவது மட்டும் விலக்கப்பட்டது.

பயிற்சி

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் முதியோருக்காக உருவாக்கப்பட்ட, வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி முறையை அடிப்படையாகக் கொண்டேன். கால் வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளை வாரம் மூன்று நாள் செய்து, அவற்றோடு நடையையும் சேர்ப்பது அதன் சாரம். அதைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது விழுவது சுமார் 35 விழுக்காடு குறைந்திருந்தது. 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வும், பயிற்சியால் விழும் வீதம் 23 விழுக்காடு குறைவதை உறுதிசெய்தது. தினமும் நடந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் தள்ளாட்டத்தைக் குறைப்பது வலுவும் சமநிலையும் சேர்ந்த பயிற்சிதான்.

கணுக்காலில் கட்டும் எடைக்குப் பதிலாக, பழைய புடவைத் துணியில் அரைக் கிலோ மணல் வைத்து மருமகளே தைத்துக் கொடுத்தார். பின்னர் அது ஒரு கிலோ ஆனது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, முழங்காலை நீட்டுவது, பக்கவாட்டில் நடப்பது, பாதத்தின் முன் பாதம் வைத்து நிற்பது ஆகியவற்றில் தொடங்கி, இரு கைப் பிடியை ஒரு கையாகவும் பின் விரல் நுனியாகவும் குறைத்தோம். படுக்கையிலிருந்து எழும்போது கணுக்காலைப் பத்து முறை மடக்கி நீட்டி, விளிம்பில் ஒரு நிமிடம் அமர்ந்து, பிறகே நிற்க வேண்டும் என்பதைப் பேத்தி பொறுப்பேற்று நினைவூட்டினாள்.

விழுந்தால் எழுவதையும் கற்றுக்கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடப்பதே தனி ஆபத்து. தசை நசுங்கிச் சிறுநீரகம் கெடலாம், உடல்நீர் வற்றலாம், அழுத்தப் புண் வரலாம். முதலில் அசையாமல் படுத்து வலி எங்கே என்று பார்ப்பது, பக்கவாட்டில் புரள்வது, முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி நகர்ந்து கட்டிலையோ குழாயையோ பிடித்து எழுவது என்று பாயில் பழகினார். எழ முடியாத அளவுக்கு இடுப்பு வலித்தால் யாரும் தூக்கக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும் என்பதை வீட்டார் எல்லோரிடமும் சொன்னேன். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு என்பது இந்தக் குடும்பத்துக்கு அதுவரை தெரியாது. நெடுநாள் பயிற்சிக்கு அதை நாடுமாறு சொன்னேன்.

கண், எலும்பு, செருப்பு

1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் வலக்கண் புரை அறுவை நடந்தது. முதல் கண்ணுக்கான புரை அறுவையைத் தாமதிக்காமல் செய்தால் விழுவது குறைகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. தொளதொளவென்ற ரப்பர் செருப்புக்குப் பதில், குதிகாலில் பட்டை உள்ள, மென்மையான ரப்பர் அடித்தளம் கொண்ட எம்சிஆர் செருப்பு வாங்கப்பட்டது. உணர்வு குறைந்த பாதத்தோடு வெறுங்காலில் நடப்பதும் தவறு.

நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தாலே எலும்பின் வலுக்குறைவைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்து முறிவது இடுப்பாக இருக்கலாம் என்பதால் எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்குமாறு மருத்துவரைக் கேட்டுக்கொண்டேன். வைட்டமின் டி பொட்டலத்தை அளவின்றி வாங்கித் தரும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொல்: குறைபாடு இருந்தால் மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பது சரி. ஆனால் ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கொரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் விழுவதும் எலும்பு முறிவும் கூடவே செய்தன.

ஆறு மாதத்துக்குப் பின்

எழுந்து நிற்கும்போது இறங்கும் அழுத்தம் 8 ஆகக் குறைந்திருக்கிறது, கண் இருட்டவில்லை. இரவில் ஒரு முறைதான் எழுகிறார். மூன்று மீட்டர் நடை 13 நொடி, முப்பது நொடியில் எழுந்தமர்வது ஒன்பது முறை, பாதத்தின் முன் பாதம் வைத்து நிற்பது எட்டு நொடி. இவை எல்லாம் முன்னேற்றமே, ஆனால் ஒன்றுகூட இன்னும் பாதுகாப்பான எல்லையைத் தொடவில்லை. எனவே பயிற்சி நிற்கக் கூடாது. அச்ச அளவுகோல் 46இலிருந்து 29க்கு வந்துள்ளது. மழைக்காலத்தில் ஒரு முறை நடையில் சேற்றில் கால் சறுக்கியது. குழாயைப் பிடித்தபடியே மெல்லத் தரையில் அமர்ந்துவிட்டார், காயமில்லை, பழகியபடி தானே எழுந்து வந்தார். அன்று மருமகள் எனக்குத் தொலைபேசியில் கேட்டது, மறுபடி உட்காரவைத்துவிடலாமா என்பதல்ல. நடையில் எந்த இடத்தில் சறுக்கியதோ அங்கே என்ன செய்யலாம் என்பது. அவ்விடத்தில் சிமெண்ட் தளம் சொரசொரப்பாக்கப்பட்டது.

அல்பிரசோலம் கால் மாத்திரையில் நின்றுவிட்டது. அதையும் விட்டால் தூக்கமே வராது என்று அஞ்சுகிறார். இப்போதைக்கு அவசரப்படுத்த வேண்டாம் என்பது மருத்துவரின் கருத்து, எனக்கும் அது சரியென்றே படுகிறது. கழிப்பறைப் படியை இரண்டாகப் பிரித்துக் கட்ட வீட்டு உரிமையாளர் இன்னும் ஒப்பவில்லை. மஞ்சள் பெயிண்ட் ஈரத்தில் உரிவதால் அவ்வப்போது மறுபடி அடிக்கிறார்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுக்கப்படவில்லை. அடுத்த மாதம் இடக்கண் பரிசோதனைக்குப் போகும்போது அதையும் சேர்த்து முடிக்க மகன் விடுப்புக் கேட்டிருக்கிறார்.